வலப்பக்கம் போகும்போது மட்டும்

வட்டம் இந்தத் தடவையும் சேரவில்லை. நாச்சிமுத்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சார்ட் அட்டையின் மேல் குனிந்தார். பேனா புறப்பட்ட இடம் ஒன்று, சுற்றி முடித்து வந்து நின்ற இடம் இன்னொன்று. நடுவே ஒரு நெல்லைப் படுக்க வைக்கலாம். நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். மனுஷன் தப்புச் செய்தால்கூட ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படிச் செய்வான், இது ஒரே தப்பை ஒரே மாதிரிச் செய்கிறது, எப்போது பார்த்தாலும் இடப்பக்கமே விலகி நிற்கிறது, அப்படியென்றால் இதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, காரணம் இருக்கிற தப்பைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொன்னாரா, மனசுக்குள் சொன்னாரா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் அது சரியாகத் தெரிவதில்லை. மகள் காயத்ரி கல்யாணமாகிப் போன பிறகு சும்மா கிடந்த அறை இது. அவள் படித்த மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் பழைய கதவுப் பலகை ஒன்றைக் கட்டைகள்மேல் போட்டு, அதன்மேல் இந்த எந்திரத்தைக் கட்டியிருந்தார். அலுமினியச் சட்டங்களில் ஓர் அடித்தளம், குறுக்கே ஒரு பாலம், பாலத்தில் இடமும் வலமும் ஓடுகிற ஒரு சின்ன வண்டி. கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் கொடுத்தால், மோட்டார்கள் நீளமான ஸ்க்ரூ ராடுகளைச் சுற்றிச் சுற்றி, படத்தில் கோடு போகிற வழியிலேயே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். வண்டியில் மரம் குடைகிற மோட்டாரைப் பூட்டினால் பலகையில் எழுத்து வெட்டும், பூ வெட்டும், பட்டறைகளில் இருக்கிற பெரிய சி.என்.சி. மெஷின் செய்வதையெல்லாம் சின்ன அளவில் செய்யும். இப்போதைக்கு அதில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பால்பாயிண்ட் பேனாதான். முதலில் ஒரு வட்டம் போடட்டும். ஒரு வட்டத்தைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாததை நம்பி எந்தப் பலகையைக் கொடுப்பது.

பேனா தள்ளாடுகிறதா என்று பார்த்தாயிற்று. மோட்டாரையும் ராடையும் சேர்க்கிற கப்ளிங்கில் பொடி ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று இரண்டு முறை முடுக்கியாயிற்று. வயர்களைப் பிரித்து மறுபடி பற்றவைத்தாயிற்று. மோட்டாருக்குப் போகிற கரண்டைக் கொஞ்சம் ஏற்றியும் பார்த்தாயிற்று. மோட்டார் சுட்டதே தவிர வட்டம் சேரவில்லை. மெதுவாக விட்டால் சேர்கிறது. ஆமை மாதிரி விட்டால் ஒரு குறையும் இல்லை, பாம்பு தன் வாலைக் கவ்வின மாதிரி அழகாக வந்து முடிகிறது. கொஞ்சம் வேகம் கொடுத்தால் போச்சு. ஆனால் அந்த வேகம்தான் அவருக்குப் பிடித்திருந்தது. மெதுவாகப் போகும்போது மோட்டார்கள் அடித்தொண்டையில் முனகின. வேகம் கூடக் கூட அந்த முனகல் மேலே ஏறி, இன்னும் மேலே ஏறி, ஒரு கட்டத்தில் அப்படியே இல்லாமல் போய்விட்டது. வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். சத்தமே கிடையாது. முதன்முதலாக அப்படி ஓடியபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பின்னிங் மில்லில், நூல் கதிர்கள் சுற்றுகிற ரிங் பிரேம் பகுதியில், மெயின்டனன்ஸ் ஆளாக இருந்தவர் அவர். சத்தம் போடுகிற மெஷினில் ஏதோ கோளாறு இருக்கிறது, சத்தமில்லாமல் ஓடுகிற மெஷினுக்கு ஒன்றும் இல்லை என்பது அங்கே அவர் எல்லாருக்கும் சொன்னது. அங்கே சத்தமில்லாத மெஷின் ஒன்றுகூட இருந்ததில்லை என்பது வேறு விஷயம். வரிசை வரிசையாகக் கதிர்கள் சுற்றுகிற ஓசை பன்னிரண்டாம் நம்பர் கதவைத் திறந்தவுடன் மார்பில் வந்து மோதும். உள்ளே யாரும் யாரோடும் பேச முடியாது. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். டீ என்பதற்கு ஒரு விரல் மடிப்பு, சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒரு மீசைத் தடவல். காதில் வைக்கச் சொல்லி மஞ்சள் நிறத்தில் பஞ்சு அடைப்பான் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டால் மெஷின் பேசுவது கேட்காது என்று அவர் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அந்தப் பகுதியை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பின அன்று, கதவுக்கு வெளியே வந்து நின்றபோது ஒண்டிப்புதூர் ரோடே அவருக்கு ஊமைப்படம் மாதிரித் தெரிந்தது. இவ்வளவு நாள் கேட்டுப் பழகின இரைச்சல் போய்விட்டது, அதனால் அப்படித் தெரிகிறது, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

சரியாகவில்லை. வீடு அதைவிட அமைதியாக இருந்தது. எப்போதிருந்து இப்படி என்று யோசித்தால் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை. ஆரம்பத்தில் சுலோச்சனா பேசிக்கொண்டுதான் இருந்தாள். சமையல்கட்டில் நின்றுகொண்டு பேசுவாள், பின்வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டு பேசுவாள், தங்கை மகனுக்குப் பெண் பார்த்த கதை, குழாயில் தண்ணீர் வராத கதை, எல்லாம். அதில் பாதி அவருக்குப் பிடிபடும், பாதி பிடிபடாது. இவள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள், வயசாகிவிட்டது, குரல் உள்ளே போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு "ம்" என்பார். பெரும்பாலும் அந்த "ம்" போதுமானதாக இருந்தது. எப்போதாவது அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். அப்போது தப்பான இடத்தில் "ம்" சொல்லிவிட்டோம் என்று தெரிந்து "சரி, சரி" என்பார். அதுவும் போதாதபோது சிரிப்பார். என்ன சொன்னாய் என்று திருப்பிக் கேட்டால் ஆகாதா என்றால், ஆகும், ஒரு தடவை கேட்கலாம், இரண்டு தடவை கேட்கலாம், மூன்றாம் தடவை கேட்கும்போது அவள் "ஒன்னுமில்லீங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற அந்தப் போக்கு இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் "ம்". பிறகு அவள் பேச்சு குறைந்தது. தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். காயத்ரியின் அறையை இரும்புக்கடை ஆக்கிவிட்டதில் கோபம் என்று அவர் முடிவு கட்டினார். கோபம் என்றால் சண்டை போட வேண்டியதுதானே. சண்டை போட்டால் சமாதானம் ஆகலாம். இப்படி ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் இரண்டு ஊரில் இருக்கிற மாதிரி இருந்தால் என்ன செய்வது. அதனால்தான் அவர் இந்த அறையை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. எந்திரத்தோடு இருந்தால் அது எதுவும் கேட்பதில்லை, பதில் எதிர்பார்ப்பதில்லை.

வருகிற புதன்கிழமை அவள் காயத்ரி வீட்டுக்குப் பெங்களூர் போகிறாள். காயத்ரி போனில் டிக்கெட்டின் படத்தை அனுப்பியிருந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை போவதுதான், பத்து நாள் இருந்துவிட்டு, பேரனின் படங்களோடு திரும்பி வருவாள். ஆனால் இன்று காலையில் சாமி அலமாரிக்கு முன்னால் நின்று திருநீறு எடுத்தபோது நடுவில் ஒரு வெற்றிடம் தெரிந்தது. அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பழனிமுருகன் படம் அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, சதுரமாக இருந்தது. பத்து நாளைக்குப் போகிறவள் சாமி படத்தை எதற்கு எடுத்துவைக்க வேண்டும். கண்ணாடி உடைந்திருக்கும், மாட்டக் கொடுத்திருப்பாள். கேட்டுவிடலாம் என்று சமையல்கட்டு வரைக்கும் போனார். அவள் முதுகைக் காட்டி நின்று அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் அவள் ஏதோ சொல்லுவாள். அது கேட்காது. திரும்பக் கேட்க வேண்டும். அவர் செம்பில் தண்ணீர் மொண்டு, தாகமே இல்லாமல் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். வந்ததிலிருந்து வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் சதுரத்தை நினைக்காமல் இருப்பதற்கு வட்டம் ஒரு வழி. ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டி வலப்பக்கக் கோடியைத் தொட்டுத் திரும்புகிற நேரத்தில் அந்த வெளுத்த சுவர் வந்து கண்ணில் நிற்கிறது, பேனா அதைத் தாண்டிப் போகிறது, சுற்றிக்கொண்டு வருகிறது, மறுபடியும் சுவர்.

போன் தொடையில் அதிர்ந்தது. பெனடிக்ட். மில்லில் எலக்ட்ரிகல் பிரிவில் இருந்தவன், இப்போது பாலக்காட்டில் மகனோடு இருக்கிறான். நேற்றுச் சாயங்காலம் எந்திரம் ஓடுவதை வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பி, 'வேகமா விட்டா சத்தமே இல்லை பாரு, ஆனா வட்டம் சேரலை, என்னவா இருக்கும்' என்று எழுதியிருந்தார். அவன் முதலில் பேசியே பதில் அனுப்பினான். அதைப் போட்டுப் பார்த்தார். யாரோ போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. ஊர் மாறினதும் இவனுக்கு மலையாளம் கலந்துவிட்டது என்று நினைத்து, எழுதி அனுப்பு என்றார். இப்போது எழுதியிருந்தான். 'அண்ணா, என்ன சத்தமே இல்லைங்கறீங்க? வண்டி வலப்பக்கம் போறப்ப மட்டும் கிரீச்சுனு கத்துதே, காதைக் கிழிக்குது. ராடு அங்க எங்கியோ பிடிக்குது, மோட்டார் திணறித் தப்பு விடுது. அந்தச் சத்தம் எந்த எடத்துல ஆரம்பிக்குதுனு பாருங்க, அதுதான் எடம்.' நாச்சிமுத்து அதை இரண்டு முறை படித்தார். பிறகு தான் அனுப்பிய வீடியோவைத் திறந்து ஓடவிட்டார். மெதுவாகப் போகும்போது முனகல். வேகம் கூடுகிறது, முனகல் ஏறுகிறது, கரைகிறது. வண்டி வலப்பக்கம் போகிறது. ஒன்றும் இல்லை. ஒலியை முழுக்க ஏற்றினார். போனைக் காதோடு அமுக்கிக்கொண்டார். வலது காது, இடது காது. பேனா சுற்றுகிறது, தன் சட்டைக் கை ஓரத்தில் தெரிகிறது, ஒன்றும் இல்லை. அவன் போனில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே எந்திரத்தை ஓடவிட்டு, வலப்பக்கக் கோடியில் காதைச் சட்டத்தோடு ஒட்டவைத்தார். கன்னத்தில் அதிர்வு தெரிந்தது. பல்லில்கூடத் தெரிந்தது. காதில் ஒன்றும் இல்லை.

அவர் நிமிரவில்லை. அப்படியே குனிந்த நிலையில், கன்னத்தில் அலுமினியத்தின் குளிர்ச்சியோடு நின்றார். ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது, கூப்பிடாமலே. பேங்கில் அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினபோது எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்றது. வெளிநாட்டுக்காரன் இங்கிலீஷ் புரியவில்லை என்று வீடியோக்களுக்குக் கீழே எழுத்து ஓடவிட்டுப் பார்ப்பது; பிறகு தமிழ்க்காரன் பேசுவதற்கும் எழுத்து ஓடவிட்டது. சின்னியம்பாளையத்தில் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் செத்தவரின் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல, இவர் வழக்கம்போலச் சிரிக்க, அந்த மனுஷன் கையை உருவிக்கொண்டது. அன்றைக்கு அவன் மரியாதை தெரியாதவன் என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தார். பேரன் போனில் தாத்தா தாத்தா என்று கத்துவான், அதற்குப் பிறகு அவன் சொல்வது எல்லாம் ஒரே குழறலாக இருக்கும், குழந்தைக்கு இன்னும் பேச்சுத் திருந்தவில்லை என்று இவர் காயத்ரியிடம் சொன்னபோது அவள் பேச்சை மாற்றினாள். அப்புறம் அந்தக் காலிங்பெல். சிட்டுக்குருவி கத்துகிற மாதிரிச் சத்தம் போடுகிற பெல், காயத்ரி வாங்கி மாட்டியது. அது கத்தி எவ்வளவு காலம் ஆகிறது. இந்த வீட்டுக்கு யாருமே வருவதில்லை, வேலையில் இருந்தவரைக்கும் அண்ணா அண்ணா என்று வந்தவர்கள் இப்போது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று அவர் மனசுக்குள் எத்தனை பேரைக் கணக்குத் தீர்த்திருந்தார். சுலோச்சனா ரேஷனுக்கும் கோயிலுக்கும் போயிருந்த பொழுதுகளில் யாராவது வந்து, குருவி கத்தக் கத்த நின்று பார்த்து, திரும்பிப் போயிருப்பார்களோ. மெஷின்காரர் வீட்டில் இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை என்று சொல்லியிருப்பார்களோ. இதற்கு மேல் போகாதே என்று மனசு ஓரிடத்தில் சண்டித்தனம் செய்தது. போகத்தான் செய்தது. அப்படியானால் சுலோச்சனாவின் குரல்? அவள் குரல் உள்ளே போகவில்லையா? அவள் வாய்க்குள் பேசவில்லையா? அவள் இவ்வளவு நாளும், எல்லாரும் பேசுகிற மாதிரி, சத்தமாகத்தான், இந்த முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாளா?

பெனடிக்டுக்கு ஏதாவது எழுதலாம் என்று போனை எடுத்தார். சத்தம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கச் சொல்கிறான். பார்க்க முடியாது. கேட்கத்தான் முடியும், கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். இந்த வீட்டில் இருக்கிறதே ஓர் ஆள்தான். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். மனைவி உள்ளே இருக்கும்போது எதிர்வீட்டுக்காரரைச் சத்தம் கேட்டுச் சொல்லக் கூப்பிடுகிறவனை என்ன சொல்வார்கள். நிலைப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அவளைக் கூப்பிட்டால் விஷயம் தெரிந்துபோகும். தெரிந்துபோனால் என்ன. தெரிந்துபோனால், இனிமேல் அவள் பேசும்போதெல்லாம் கத்திப் பேசுவாள், நாலு பேர் நடுவில் கையைக் காட்டிப் பேசுவாள், காது மந்தமாகிப்போன அவருடைய அப்பாவிடம் பேசினார்களே அப்படி. கிழவரை வைத்துக்கொண்டே கிழவரைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கிழவரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவரும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாரா, ஏற்கனவே? அந்த நினைப்பு வந்ததும் அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். இல்லாவிட்டால் நடந்திருக்க மாட்டார்.

சுலோச்சனா கூடத்துத் தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு எதிரே போய், முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார்.

"சுலோ, ஒரு நிமிஷம் வர்றயா?"

அவள் கத்தியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே ரொம்ப நாள் ஆகியிருந்தது. "என்னங்க? கரண்டு போயிருச்சுங்களா?"

"கரண்டெல்லாம் இருக்குது. ஒரு சத்தம் கேக்கோணும். நீ கேட்டுச் சொல்லோணும்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். காயத்ரியின் அறை நிலையில் வந்து நின்றுவிட்டாள், உள்ளே காலை வைக்கவில்லை. அவர் உள்ளே வரச் சொன்னார். கீழே கிடந்த வயர்த் துண்டுகளைக் காலால் ஒதுக்கி, வலப்பக்கக் கோடியில் அவளுக்கு இடம் செய்து கொடுத்தார்.

"இந்த வண்டி இப்படியும் அப்படியும் ஓடும். எப்பக் கிரீச்சுனு சத்தம் வருதோ அப்பக் கையைத் தூக்கு. சத்தம் நின்னா எறக்கிரு."

"வாயிலயே சொல்றனுங்களே, எதுக்குக் கையை..."

"கையைத் தூக்கு. அது போதும்."

எந்திரத்தை ஓடவிட்டார். வண்டி இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டது. முனகல் ஏறியது, கரைந்தது. பாலத்தின் பாதியைத் தாண்டி, முக்காலுக்கு வந்தது. சுலோச்சனாவின் வலது கை மேலே போயிற்று. முகம் சுருங்கியது, இடது உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டாள். வண்டி கோடியைத் தொட்டு நின்றது, கை இறங்கியது. இடப்பக்கம் திரும்பி ஓடும்போது கை தொங்கிக்கொண்டே இருந்தது. மறுபடி வலப்பக்கம், மறுபடி அதே இடம், கை மேலே. அவர் பென்சிலை எடுத்துச் சட்டத்தில் அந்த இடத்தைக் குறித்தார். இன்னொரு முறை ஓடவிட்டார், குறிக்கு நேராகக் கை எழுந்தது. பிறகு அவர் செய்தது எந்திரத்துக்குத் தேவையில்லாத காரியம். கண்ணை மூடிக்கொண்டார். வண்டி புறப்பட்டிருக்கும், முனகல், ஏறுகிறது, போய்விட்டது. இப்போது பாதி. இப்போது குறி. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டில், மில்லில் ஒரே ஒரு கதிர் மட்டும் பிசகி ஓடுவதைத் தேடுவாரே, அப்படித் தேடினார். வெறும் இடம். கைக்கு ஒன்றும் தட்டுப்படாத இடம். கண்ணைத் திறந்தார். அவள் கை உயர்ந்து நின்றது. கண்ணாடி வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்துகிடந்தன. அந்த வளையல்கள் சரியும்போது ஒரு சத்தம் வரும். அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், ஞாபகத்தில் இருக்கிறது. இப்போது அது வந்ததா என்று தெரியாது.

எந்திரத்தை நிறுத்தினார். அவள் சொன்னாள், அவர் அவள் வாயைப் பார்த்தார். "இது தெனமும் இப்படித்தானுங்களே கத்துது. பக்கத்து வீட்டு அக்காகூட அது என்ன சத்தமுன்னு கேட்டாங்க. நானும் எத்தனை தடவை உங்ககிட்டச் சொல்லீட்டேன். காதுலயே போட்டுக்க மாட்டீங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள், எந்திரத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "உங்களுக்கு... அது கேக்கலீங்களா?"

"இல்ல," என்றார் நாச்சிமுத்து.

சொல்லிவிட்டு உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. இனி என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. வலப்பக்கக் கோடியில் ராடைத் தாங்குகிற பேரிங் கட்டை ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்திருக்கிறது. வண்டி தூரத்தில் இருக்கும்போது ராடு வளைந்துகொடுத்துச் சமாளிக்கிறது, கிட்டே வர வர வளைய இடமில்லாமல் மாட்டிக்கொள்கிறது. கையால் சுற்றினால் தெரியாது, வேகத்தில் ஓடும்போதுதான் கத்தும். கத்தியிருக்கிறது, அத்தனை நாளும், அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு சத்தமில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறார். கட்டையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை அந்தக் கோடிக்கே நகர்த்தி நிறுத்தி, ராடு தானாக எங்கே இருக்க ஆசைப்படுகிறதோ அங்கே கட்டையை உட்காரவிட்டு, மறுபடி முடுக்கினார். அவள் போகவில்லை. சொல்லாமலே கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். முதல் ஓட்டத்தில் கை பாதி எழுந்து தயங்கி, கொஞ்சம்தான் என்பதுபோல் விரலைக் குவித்துக் காட்டியது. ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்தி மறுபடி முடுக்கினார். அடுத்த ஓட்டத்தில் வண்டி குறியைத் தாண்டியது, கோடியைத் தொட்டது, திரும்பியது. கை அசையவே இல்லை. புதுச் சார்ட் அட்டையை ஒட்டி, வேகத்தைக் குறைக்காமல் வட்டத்தைப் போடவிட்டார். பேனா சுற்றிக்கொண்டு வந்து, புறப்பட்ட புள்ளியிலேயே ஏறி நின்றது. கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் சேர்ந்த இடம் தெரியவில்லை. இத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தவருக்கு அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. நல்லவேளை நிமிர்ந்தார். நிமிர்ந்ததால் அவள் உதடு அசையத் தொடங்குவதைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கு ஒரு சாயங்காலம் இந்த நெலப்படியில நின்னு உங்களை ஒன்னு கேட்டேன். நீங்க உக்காந்து அந்தக் கம்பியைப் பத்த வெச்சுட்டு இருந்தீங்க. சரீன்னீங்க." அவள் சேலை நுனியை விரலில் சுற்றினாள். "அது கேட்டுத்தான் சரீன்னீங்களா?"

"என்ன கேட்ட?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பதில் சொன்னாள். தாடை அசைவது தெரிந்தது. வழக்கமான அந்தப் போர்வைச் சத்தம். தொண்டை வரைக்கும் "ம்" வந்துவிட்டது, பழக்கம், அவர் அதை விழுங்கினார்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு சுலோ. எனக்கு வாயைப் பாக்கோணும்."

அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. சொற்களை ஒவ்வொன்றாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நிதானத்தில் சொன்னாள். "நான் இங்க இருந்தாலும் ஒன்னுதான், இல்லாட்டியும் ஒன்னுதான்னு ஆயிப்போச்சு. பேசினா முகம் குடுக்கறதில்லை. காயத்ரி கூடவே போயி இருந்துக்கட்டுங்களா, ஒரேயடியா, அப்படீன்னு கேட்டேன். நீங்க தலையைக்கூடத் தூக்கலை. சரி சரீன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க."

கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது, அல்லது தெரிந்தது. அவர் அந்தச் சாயங்காலத்தைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அப்படி ஒரு சாயங்காலம் அவரிடம் இல்லவே இல்லை. அவளிடம் இருந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அவள் இந்த வீட்டில் சமைத்திருக்கிறாள், தட்டு வைத்திருக்கிறாள், சாமி படத்தைச் சேலைகளுக்கு நடுவில் பொதிந்து பெட்டியில் வைத்திருக்கிறாள். முப்பத்துச் சொச்சம் வருஷம் கூட வாழ்ந்தவளிடம், போய்க்கொள் என்று, புகைகிற கம்பியைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். தான் சொன்னதே தனக்குத் தெரியாமல். இன்னும் எதற்கெல்லாம் சரி சொல்லியிருப்பார், யார் யாரிடம். காயத்ரியின் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கேக்கலை," என்றார். "கேக்காததுக்குத்தான் சரீன்னேன். எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லீட்டு இருக்கறேன், ரொம்ப நாளா."

"கேக்கலீன்னா கேக்கலீன்னு சொல்றதுக்கு என்னங்க?"

அவர் கீழே கிடந்த வயர்த் துண்டுகளைப் பார்த்தார். அவள் அவருக்கு நேரே வந்து நின்றாள். பிறகு, "இப்ப நான் அதையே கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்றாள்.

"போகாதேன்னு சொல்லுவேன்."

"டிக்கெட்டுப் போட்டாச்சுங்களே. அவ லீவு சொல்லீட்டு ஸ்டேசனுக்கு வர்றேன்னிருக்கறா."

"போயிட்டு வா," என்றார். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் பெரிதாகிவிட்டது. எவ்வளவு பெரிதாக என்பது அவருக்குத் தெரியவில்லை; அவள் முகத்தில்தான் பார்த்தார்.

"கத்தாதீங்க, எனக்குக் கேக்குது," என்றாள் சுலோச்சனா. மூக்கை உறிஞ்சினாள். "திரும்பி வர்றதுக்கும் போடச் சொல்றேன். நாளைக்குக் காலையில காது டாக்டர்கிட்டப் போலாம், வர மாட்டேன்னு சொல்லக் கூடாது." பதிலுக்குக் காத்திருந்தாள். அவர் தலையை ஆட்டினார். அது போதாது என்று தோன்ற, "வர்றேன்," என்று வாய்விட்டும் சொன்னார்.

அவள் கொத்தவரங்காய்க்குத் திரும்பிப் போனாள். அவர் நாற்காலியிலேயே இருந்தார். எந்திரம் நின்றிருந்தது, பேனா வட்டத்தின் மேல் நின்றிருந்தது. சாயங்காலம் பெனடிக்டுக்கு எழுத வேண்டும், இடம் கிடைத்துவிட்டது என்று. எப்படிக் கிடைத்தது என்பதையும் எழுத வேண்டுமா, எழுதலாம், அவனும் அதே மில்லில்தானே இருந்தான், அவனுக்கும் எங்காவது ஒரு வெறும் இடம் இருக்கும், இல்லாமலும் இருக்கலாம், அவன் பஞ்சடைப்பான் வைத்துக்கொள்வான், அதற்காக அவனைக் கேலி செய்வார்கள், இவரும்தான் செய்தார். டாக்டர் காதில் விளக்கடித்துப் பார்ப்பார், ஏதாவது கருவி மாட்டச் சொல்வார், மாட்டினால் எல்லாம் திரும்பி வருமா, வந்தாலும் பழைய மாதிரி வருமா, போனது போனதுதானா. நாற்காலியின் கைப்பிடியில் காயத்ரி எப்போதோ பேனாவால் கிறுக்கியிருந்தாள். அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூடத்துப் பக்கமிருந்து என்னவோ வந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது, அங்கே காற்று கொஞ்சம் கனத்த மாதிரி. அவள் பேசுகிறாளோ. யாரோடாவது போனிலோ. தனக்குத்தானோ. அவர் எழுந்தார். கூடத்தில் கொத்தவரங்காய் நறுக்கினபடி கிடந்தது, ஆள் இல்லை. பின்வாசலுக்குப் போனார். வெளிச்சம் மங்கியிருந்தது. மழை. சன்னமாக, நேராக, எப்போது தொடங்கியதோ, தகரக் கொட்டகையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. தகரத்தின் மேல் துளிகள் தெறிப்பதைக் கண்ணால் பார்த்தார். சுலோச்சனா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கொடியில் காய்ந்த துணிகளை உருவி உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வெறுங்காலோடு இறங்கிப் போய்க் கொடியின் இந்தக் கோடியிலிருந்து கிளிப்புகளைக் கழற்றத் தொடங்கினார். கொடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் என்னவோ சொன்னாள். நடுவே அவளுடைய ஈரச் சேலை தொங்கியது. நாச்சிமுத்து அதை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை நீட்டி, "என்ன?" என்று கேட்டார்.